மொட்டைத் தடி எடுத்துக் கொடுத்த அக்கா

அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான், கறுப்புத் தடியின் மேல் வெள்ளை மையால் எழுத வேண்டியது. அங்கே எழுதாதவன் இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவரைவிட மூத்தவர்கள் சிலர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் திரும்பி வருவது ஒரு கேள்விதான்.

"யாருக்கு?"

அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் லயத்துப் பெண்களுக்கு மட்டக்கம்பு வெட்டிக் கொடுப்பது அவர்தான். தேயிலைச் செடியின் தலைமேல் கிடத்தி மட்டம் பார்க்கிற, நேரான மெல்லிய கம்பு அது. ஒருநாள் என் அம்மா போய்க் கேட்டார்.

"ஏம் புள்ள, எனக்கொரு மட்டக்கம்பு வெட்டிக் குடேன்."

"யாருக்கு?"

"எனக்குன்னுதானே சொல்றேன்! காது அடைச்சுக்கிச்சா?"

"உங்களுக்கா? நீங்க எட்டி எட்டிப் பறிக்கிற ஆளு. ஒரு சாண் கூட வேணும். இந்தா கெடக்குறதெல்லாம் குட்டக் கையிக்கு வெட்டுனது."

"கம்புல என்னடி குட்டக் கை, நெட்டக் கை?"

"இருக்குங்க. வெள்ளிக்கெழம வாங்க."

வெள்ளிக்கிழமை அம்மா கொண்டுவந்த கம்பைப் பல வருடம் வைத்திருந்தார். கங்காணி இரவல் கேட்டும் கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவில் அக்கா பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பார். இரண்டு இலை நீட்டினால் போதும், "ரெண்டாவது யாருக்கு?" என்பார். "எங்க தாத்தாவுக்கு" என்றால் குழைந்த பக்கமாகப் பார்த்து எடுத்து வைப்பார். பல் இல்லாதவருக்கு முந்திரிப்பருப்பு போகாது. என் இலைக்கு மட்டும் அந்தக் கேள்வி ஒருபோதும் வந்ததில்லை. என் இலையைக் கண்டதும் கரண்டி தானாக விழுந்துவிடும். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. பிற்பாடு அவர் செய்வதையெல்லாம் கவனித்துக் கவனித்து வயிறெரிந்தேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலையடியில் இருக்கிறது. அங்கே தொரை இருந்த பழைய பங்களாவை விருந்தினர் விடுதி ஆக்கினார்கள். அக்கா மலையிலிருந்து இறங்கி அங்கே துணி துவைக்கும் வேலைக்குப் போனார். அறை பெருக்குவது, படுக்கை விரிப்பது, துவாய் உலர்த்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு இரண்டு வருடம் கழித்து நானும் அங்கே சேர்ந்தேன், காரியாலயத்தில். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பதுளையில் ஒரு வருடம் ஆங்கிலமும் கணினியும் படித்தேன். அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுகிறவர். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

மெனேஜர் ஐயா கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். நல்ல மனிதர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, தூண்டில். எங்கள் தோட்டத்துக் குளத்தில் கார்ப் மீன் இருக்கிறது. அதை அவர் பிடிக்கிற விதமே வேறு. புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்த ஒரு தூண்டில். அதற்குப் பாரமே கிடையாது. பாரமெல்லாம் நூலில்தான். அந்த நூலைத் தடி வளைந்து நிமிர்ந்து எறிய வேண்டும். ஆகவே தடி எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை வேகத்தில் வளைகிறது என்பதுதான் முழுச் சங்கதியும்.

கடையில் விற்கிற தடி எல்லாருக்கும் ஒன்றுதான். ஐயா, விருந்தினர்களுக்கு ஆளுக்கேற்ற தடி கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முதலில் வெளிநாட்டிலிருந்து பிடியும், நூல் ஓடும் வளையமும் இல்லாத வெறும் கார்பன் தண்டுகளை வரவழைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குப் பிளாங்க் என்று பெயர். பங்களாவில் எல்லாரும் மொட்டைத் தடி என்றோம். எந்த ஆளுக்கு எந்த மொட்டைத் தடி என்பதில் பிசகினால், பிறகு தக்கைப் பிடி போட்டு, பட்டுநூல் சுற்றி, வார்னிஷ் பூசி என்ன அலங்காரம் செய்தாலும் பயனில்லை.

அந்தப் பொறுப்பை ஐயா என்னிடம் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் தேடிப் படித்தேன். நம்பர் கூடக்கூடத் தடிக்குப் பலம் கூடுகிற அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஒட்டினேன். தடியின் அடியை மேசையில் இறுக்கி, நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, பைக்குள் நட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நுனி எவ்வளவு தாழ்கிறது என்று சுவரில் பென்சில் கோடு கிழித்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் எண் எழுதினேன். அந்தச் சுவரைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

ஒருநாள் அக்கா துவைத்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன சாரு, புள்ளைங்க உயரம் அளக்குறீங்களா?"

"தடி எடுக்குறேங்க்கா. ஒன்பது அடி, ஆறாம் நம்பர். விறைப்பான ரகம்."

"யாருக்கு?"

"மூணாம் நம்பர் ரூம் டொக்டர் நோனாவுக்கு."

அக்கா நின்றுவிட்டார். "அந்த அம்மாவுக்கா? அவங்க டீக் கப்பையே ரெண்டு கையால புடிக்கிறாங்க. தண்ணிச் செம்ப எடது கைப் பக்கம் மாத்தி வச்சிருக்காங்க. கதவு கைப்பிடியத் தோளால தள்றாங்க. அந்த வலது மணிக்கட்டு என்னமோ ஆன கையி தம்பி. இதக் குடுத்தா ஒரு வீச்சுல அழுதுருவாங்க."

நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் ஐயா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். நோனாவிடம் போய்க் கேட்டால், ஆமாம், நான்கு வருடத்துக்கு முன் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மல்லி" என்றார் ஐயா. சிங்களத்தில் தம்பியை அப்படிக் கூப்பிடுவார்கள். "அக்காகிட்ட மத்தத் தடியும் குடு, பார்ப்போம்."

அக்கா எந்தத் தடியையும் முதலில் தொடவில்லை. உலர்த்த வைத்திருந்த ஈரத் துவாய் ஒன்றை எடுத்து அந்த நோனாவின் கையில் கொடுத்தார். "கொடியில போட முந்தி உதறுவோமே, அப்படி உதறச் சொல்லு" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நோனா சிரித்துக்கொண்டே உதறினார். கை எங்கே எழுகிறது, எங்கே நிற்கிறது, நின்ற பிறகு துவாய் எப்படி விரிகிறது என்று அக்கா பார்த்தார். மூன்று தடவை உதறச் சொன்னார். பிறகு மொட்டைத் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தானே அதே மாதிரி உதறினார். "இது வேணாம். இது வேணாம். இது அவங்க நிக்கிறதுக்கு முந்தி நின்னுருது. இந்தா, இது." எட்டடி, நான்காம் நம்பர், நடுவில் குழைந்து வளைகிற ரகம். என் அட்டவணைப்படி அது சிறு பிள்ளைகளுக்கு.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தடியால் நோனா குளத்தின் நடுவரை நூல் எறிந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்தை எடுத்தவன் நான்.

அன்று தொடங்கியது. ஐயா ஒரு நாளைக்கு எத்தனை தடவை "அக்காவைக் கூப்பிடு" என்கிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். பீங்கான் கோப்பையில் அக்காவுக்குத் தேநீர் வந்ததைக் கண்டேன். எனக்கு வந்தது எவர்சில்வர் டம்ளர். ஒருமுறை அக்காவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை என்று கேட்டபோது எனக்குள் ஒரு சின்னத் தீபாவளி நடந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் நடந்தது.

அக்காவின் வித்தையையே எடுத்துவிடலாம் என்றும் பார்த்தேன். ஒரு விருந்தினரிடம் ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்தி, "யாருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எனக்குத்தான். வேறு யாருக்கு?" என்றார். அதற்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. துவாயைக் கொடுத்தேன். அவர் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

மலைநாட்டில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றையும் செய்தேன். ஒரு பொதியில் வந்த மொட்டைத் தடியை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன். நுனிப்பக்கம் இலேசாக வளைந்திருந்தது. அம்மா மட்டக்கம்பு பார்க்கிறபோது இப்படித்தான் பார்ப்பார். கோணல் இருந்தால் அடுப்புக்கு. திருப்பி அனுப்பக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். மட்டக்கம்பு வெட்டுகிற கையல்லவா, அக்காவும் அதையே சொல்வார் என்று நினைத்துக் காட்டினேன்.

"இதென்ன மட்டம் பாக்கப் போகுதா?" என்றார் அக்கா. "வளையுறதுக்குன்னே பொறந்தது. வளைஞ்ச நுனி மேல பாக்குற மாதிரி வச்சு, கீழ வளையம் கட்டு. அந்தப் பாரத்துல தானா நேராயிரும்."

ஐயா கடிதத்தைக் கிழித்துப் போட்டார். தடி நேராகிவிட்டது. பிறகு அந்த வழியை நான் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலும் படித்தேன். அக்கா சொன்னது அப்படியே இருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

இன்னொரு நாள் அக்கா என் சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ எல்லாத்தையும் ஒரு சைஸ் பெருசாவே எடுக்குற."

"பெரிய மீன் வந்தா என்ன செய்றது?"

"வந்தாப் பாப்போம். வராத மீனுக்கு எத்தன நாள் தூக்கிக்கிட்டுத் திரியுறது?"

எனக்குச் சுருக்கென்றது. என் பள்ளிக்கூடச் சப்பாத்து எப்போதும் ஒரு சைஸ் பெரிது. அடுத்த வருடமும் போட வேண்டுமே என்று அப்படித்தான் வாங்குவார்கள். முனையில் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்துக்கொண்டு நடப்பேன். பொருத்தமாகும்போது சப்பாத்து பிய்ந்திருக்கும். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும், ஒரே லயம். அதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

எனக்கென்று இருந்தது பெயர் எழுதுகிற வேலை ஒன்றுதான். தடி முடிந்ததும் பிடிக்கு மேலே, மெல்லிய பேனாவால் வாங்குகிறவர் பெயரையும், அதன் கீழே செய்தவர் பெயரையும் எழுதி வார்னிஷ் பூச வேண்டும். ஐயா, "செய்தவர் பெயரை எழுது" என்று மட்டும்தான் சொன்னார். யார் பெயர் என்று சொல்லவில்லை. என் பெயரை எழுதினேன். முதல் தடியில் மூன்று தடவை அழித்து எழுதினேன். ஏழாவது தடியில் ஒரே இழுப்பில் எழுதினேன். அக்கா ஒருநாள் குனிந்து பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"வாங்குறவர் பேரும் என் பேரும்."

"எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஏதாவது திட்டியிருந்தால் அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டிருப்பேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெரியவரின் கடிதம் வந்தது, மின்னஞ்சலில். ஐயாவின் பழைய நண்பர். வயது எழுபத்திரண்டு, வலது தோளில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது, மெதுவான இலேசான தடி வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் நேரில் வரவில்லை. ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மல்லி, இது சரியா வந்தா அவரோட நண்பர்கள் எல்லாரும் கேப்பாங்க. அக்காவைத் துணி வேலையில இருந்து எடுத்துத் தடி வேலைக்கே போட்டுடலாம்னு இருக்கேன். நீ பழையபடி காரியாலயத்தைப் பார். சரியா?"

சரி என்றேன்.

அக்கா அந்த மனிதரைக் கண்டதில்லை. கடிதத்தைப் படிக்கவும் அவரால் முடியாது, அது ஆங்கிலம். நான் சொல்வதுதான் ஆள். மேசைமேல் மூன்று மொட்டைத் தடிகள் கிடந்தன: குழைவானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, விறைப்பானது ஒன்று. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாருக்கு?"

"கொழும்பு ஐயா ஒருத்தருக்கு."

"எப்படி ஆளு?"

"நல்ல பலமான ஆளு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"வயசு?"

"அம்பது, அம்பத்தஞ்சு."

"நடக்குறது?"

பொய் சொல்வது இத்தனை விவரம் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இல்லாத ஆளை உண்டாக்க எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு நடப்பாரு. படியெறங்கும்போது வலது கால்தான் முதல்ல. கை ரொம்ப வேகம். ஆனா நிறுத்துனா நிறுத்துன எடத்துல நிக்கும்."

"டீ குடிக்கிறது?"

"சாஸர்ல ஊத்தி, ஊதி."

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். விருந்தினர்களைப் பார்க்கிற மாதிரி அல்ல. பொங்கல் பானையடியில் என் இலையைப் பார்க்கிற மாதிரி.

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமாங்க்கா. ஐயா சொன்னாரு."

ஒரு துவாயை எடுத்து, கண்ணை மூடி, வேறு யாரோ உதறுவதுபோல் ஒருமுறை உதறினார். சடக்கென்று மேலே போய் அப்படியே நின்றது கை. கண்ணைத் திறந்து மேசையிலிருந்து விறைப்பானதை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தா. நீ சொன்ன ஆளுக்கு இதுதான்."

நான் தடியைக் கட்டினேன். என் வாழ்நாளில் அத்தனை நேர்த்தியாக நூல் சுற்றியதில்லை. கொழும்புக்குப் போனது. பத்தே நாளில் திரும்பி வந்தது. முதல் மாலையே தோளில் வலி எடுத்துவிட்டதாம், பெரியவர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "அக்கா, இந்த முறை தப்பாப் போச்சே."

நான் தரையைப் பார்த்தேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோள் என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாங்கய்யா. தப்புத்தான்" என்றார் அக்கா. வெளியே விரிப்பு நனையப் போகிறது, மழை வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அட்டவணையையே பார்த்துக்கொள் என்று ஐயா என்னிடம் சொன்னார். அதன் பிறகு அக்கா அந்த அறைப் பக்கம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் கணவருக்குப் பதுளையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு இறங்கிப் போனார்கள். லயமே தெமோதரை ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பியது. எனக்குக் காரியாலயத்தில் வேலை இருந்தது. இருந்ததாகச் சொன்னேன்.

எனக்குப் போட்டி இல்லை. ஆனால் பொறாமை போகவில்லை. ஒவ்வொரு மொட்டைத் தடியையும் கையில் எடுக்கும்போது, அவராக இருந்தால் எதை எடுத்திருப்பார் என்ற நினைப்பு வந்து நிற்கும். ஊரைவிட்டுப் போன ஆளோடு எப்படிப் போட்டி போடுவது?

திரும்பி வந்த தடி காரியாலய மூலையிலேயே சாய்ந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வளையங்களை வேறு தடிக்கு எடுக்கலாம் என்று குளத்தங்கரைக்குக் கொண்டுபோனேன், கடைசியாக ஒருமுறை எறிந்து பார்க்க. எனக்கு நூல் விழவில்லை, காலடியிலேயே சுருண்டது. விறகு தேடி வந்த அப்பா நின்று பார்த்தார்.

"இதுலயா தம்பி இங்கிலீசுக்காரன் மீன் புடிக்கிறான்? குடு."

"துவாய உதறுற மாதிரி உதறுங்கப்பா" என்றேன். அக்காவின் வாசகம் தானாக வந்துவிட்டது.

அப்பா இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றார். கை மேலே போனது. கவ்வாத்துக் கத்தி கிளையைத் தாண்டியதும் நிற்குமே, அப்படிச் சடக்கென்று நின்றது. நூல் பின்னால் விரிந்து, முன்னால் போய், குளத்தின் நடுவில் ஓசையில்லாமல் விழுந்தது. முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய கை. இரண்டாவது தடவை இன்னும் தள்ளி விழுந்தது.

"ஏன்டா, இது என் கத்தி மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. "யாரு எடுத்தது?"

வெள்ளை எழுத்து அவர் பெருவிரலுக்குக் கீழேதான் இருந்தது. என் பெயர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் என்று சொல்லியிருக்கலாம்.

"அந்த அக்கா" என்றேன்.

"அதானே" என்றார் அப்பா.

அவர் வீட்டில் தேநீரைச் சாஸரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பதை அன்று மாலை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மெனேஜர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "போய் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு வா" என்றார். "தடி வேலைக்கு. அவர் பெயரையும் நீயே எழுது."

பதுளை பஜாரில் ஒரு சப்பாத்துக் கடையில் அக்கா வேலை செய்வதாகச் சொன்னார்கள். போனேன். வாசலில் முதலாளி, தொப்பி போட்ட முஸ்லிம் நானா, பணப்பெட்டியடியில் இருந்தார். உள்ளே அக்கா ஒரு பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்து வார் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க சாரு. அப்பா கையில தடி எப்படி இருக்கு?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதானே சொன்ன. எடது பக்கம் சாஞ்சு நடப்பாரு, சாஸர்ல ஊத்திக் குடிப்பாருன்னு. எந்தக் கொழும்பு ஐயா சாஸர்ல குடிக்கிறாரு?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க்கா எடுத்துக் குடுத்தீங்க?"

"யாருக்குன்னு கேட்டேன். நீ சொன்ன ஆளுக்கு எடுத்தேன். தப்பா எடுத்தேனா?"

"இல்ல."

"பெறகென்ன?"

"ஐயாகிட்ட சொல்லியிருக்கலாமே."

அக்கா பிள்ளையை இறக்கிவிட்டு அதன் தாயிடம் அனுப்பினார். "எனக்குத் துணி இருந்துச்சு. உனக்கு அந்தத் தடி ஒண்ணுதானே தம்பி இருந்துச்சு."

ஐயா வரச் சொன்னதைச் சொன்னேன். தடி வேலை, பெயர், எல்லாம் சொன்னேன். அக்கா தலையாட்டினார். "அங்க மீன் புடிக்க வர்றது நாலு பேரு. இங்க நாள் பூரா கால் வந்துக்கிட்டே இருக்கு. நான் வரலன்னு சொல்லிரு."

என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது, சந்தோஷத்தில். மறைக்கத்தான் பார்த்தேன். அக்கா பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன தங்கச்சி, பேச்சுத்தானா?" என்று பெட்டியடியிலிருந்து நானா குரல் கொடுத்தார். "தம்பிக்கு என்ன வேணும்டு கேளுங்கம்மா."

"சரி" என்றார் அக்கா. "யாருக்கு?"

அவரிடமிருந்து அந்தக் கேள்வி என்னிடம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒருமுறையும் வந்ததில்லை.

"எனக்கு" என்றேன். "ஒன்பதாம் நம்பர்."

அவர் என் காலைப் பார்த்தார். நின்ற விதத்தைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். எட்டு.

"அக்கா, நான் எப்பவும் ஒன்பதுதான்."

"தெரியும். கழட்டு."

கழற்றினேன். என் பழைய சப்பாத்தின் முனையில் அடைத்திருந்த பஞ்சை அக்கா இரண்டு விரலால் இழுத்தெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். புதியதை மாட்டி, நாடாவைக் கட்டிவிட்டார்.

"இறுக்கமா இருக்கேக்கா."

"இறுக்கமில்ல. உன் காலே இவ்வளவுதான் தம்பி" என்றார் அக்கா. "எந்திரி. நடந்து பாரு."

நடந்தேன்.